கூட்டுப்பொருளில் விரிசல் விழுந்தால் தகைவு எங்கே போகிறது? அறிகுறி வழியே ஒரு தேடல்

இழை வலுவூட்டிய கூட்டுப்பொருளில் (பிசினில் இழைகளைப் பதித்து, அடுக்கடுக்காக ஒட்டியது) விரிசலைக் கண்டவுடன் "எத்தனை மில்லிமீட்டர் நீளம்?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். உலோகத்தில் பழகியவர்களுக்கு அது இயல்பான கேள்வி. கார்பன், கண்ணாடி இழைத் தகடுகளில் நான் முதலில் கேட்பது வேறு. விரிசல் விழும்வரை அந்த இடம் சுமந்துவந்த பளுவை இப்போது யார் சுமக்கிறார்கள்?

விரிசலின் இரண்டு முகங்களுக்கும் எதிரே வெறும் காற்றுதான் இருக்கிறது. அந்த முகத்துக்குச் செங்குத்தான இழுவைத் தகைவு, அதாவது ஓரலகு பரப்பில் இழுக்கும் விசை, அங்கே சுழி. ஆனால் வெளியிலிருந்து இழுக்கும் சுமை குறையவில்லை. அப்படியானால் அந்தப் பங்கு பக்கத்து இழைக்கோ, அடுத்த அடுக்குக்கோ, இரண்டு அடுக்குகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய பிசினுக்கோ போயிருக்க வேண்டும். அது போன இடம் தெரிந்துவிட்டால் பிழை பாதி பிடிபட்டது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம்.

தொடங்கும் முன் மூன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: அடுக்கு வரிசை, சுமை-திரிபு வரைபடம் (திரிபு என்பது நீளம் எத்தனை பங்கு மாறியது என்பது), உடைந்த துண்டுகள். உடைந்த பாதிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தயவுசெய்து பொருத்தாதீர்கள். முறிவு முகத்தில் இருக்கும் நுண்ணிய தடயங்கள் ஒரே உரசலில் அழிந்துவிடும்.

அறிகுறி: சுமை ஏறும்போது 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது, தகடு உடையவில்லை

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். அதனால் இங்கே சற்று நேரம் நிற்போம்.

0 டிகிரி, 90 டிகிரி அடுக்குகள் மாறிமாறி வைத்த தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரி இழைகள் சுமையின் திசையில் ஓடுகின்றன. 90 டிகிரி இழைகள் குறுக்கே கிடக்கின்றன. அந்தக் குறுக்கு அடுக்கில் இழுவையைத் தாங்குவது பிசினும், பிசினுக்கும் இழைக்கும் உள்ள ஒட்டும்தான். கண்ணாடி இழை-எபாக்ஸித் தகடுகளில் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 சதவீதத் திரிபிலேயே குறுக்கு அடுக்கு விட்டுவிடும். அதே தகட்டின் 0 டிகிரி இழைகளோ 2 சதவீதத் திரிபு வரை தாக்குப்பிடிக்கும். நீங்கள் கேட்ட சத்தம் குறுக்கு அடுக்கு விரிந்த சத்தம்.

சந்தேகம் இருந்தால் நேரில் பாருங்கள். மாதிரித்துண்டின் ஓரத்தை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, கடைசியாக 1 மைக்ரான் பசையில் மெருகேற்றி, நுண்ணோக்கியில் 50 மடங்கில் வையுங்கள். மேலும் கீழும் 0 டிகிரி அடுக்குகள் நீளநீளமான பட்டைகளாகப் பளபளக்கும். நடுவில் 90 டிகிரி அடுக்கு இருக்கும். அதன் இழை முனைகள் உங்களை நோக்கி இருப்பதால் வட்டப் புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு மயிரிழைக் கோடு போகும். தூரத்தில் நேராகத் தெரியும் கோடு, கிட்டே போனால் வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். ஓர் இழையின் விளிம்பை உரசி, அங்கிருந்து அடுத்த இழையின் விளிம்புக்குத் தாவி, பிசின் ஒட்டு விட்ட இடங்களையே தேடிப்பிடித்துக்கொண்டு போகும். 0 டிகிரி அடுக்கை எட்டியதும் சட்டென்று நின்றுவிடும். கண்ணாடி இழைத் தகடாக இருந்தால் இத்தனை வேலையும் வேண்டாம். பின்னால் விளக்கைப் பிடித்தாலே வெள்ளைக் கோடுகள் வரிசையாகத் தெரியும்.

இப்போது தகைவின் கதை. விரிசல் முகத்தில் 90 டிகிரி அடுக்கின் தகைவு சுழியாகிறது. அது விட்ட பளு, அந்த ஒரு குறுக்குவெட்டில் மட்டும், முழுக்க 0 டிகிரி அடுக்கின் தலையில் ஏறுகிறது. விரிசலை விட்டு விலகி வர வர, இரு அடுக்குகளுக்கும் இடையே உள்ள ஷியர் தகைவு (ஒன்றன்மேல் ஒன்றை வழுக்கச் செய்யும் தகைவு) அந்தப் பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாக 90 டிகிரி அடுக்குக்குத் திருப்பிக் கொடுக்கிறது. குறுக்கு அடுக்கின் தடிமனைப் போல ஓரிரு மடங்கு தூரம் போவதற்குள் தகைவு கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துவிடும். ஆகவே முதல் விரிசல் அந்த அடுக்கைக் கொல்லவில்லை, தன் அக்கம்பக்கத்தை மட்டும் ஓய்வுக்கு அனுப்பியிருக்கிறது. சுமை இன்னும் ஏறினால் இரண்டு விரிசல்களுக்கு நடுவே மூன்றாவது விழும். இடைவெளி குறையக் குறைய, நடுப்பகுதியில் தகைவு மீண்டு எழுவதற்கே இடம் போதாது. அப்போது புது விரிசல் நின்றுவிடும். இதைச் செறிவு நிலை என்போம். அங்கே இடைவெளி குறுக்கு அடுக்கின் தடிமனோடு ஒப்பிடக்கூடிய அளவில் இருக்கும். சத்தம் அடங்கிவிட்டதே, சரியாகிவிட்டது போலும் என்று அந்தக் கட்டத்தில் நினைத்துவிட வேண்டாம்.

வரைபடத்தில் இது எவ்வளவு தெரியும்? ஒரு கணக்குப் போடலாம். கண்ணாடி இழை அடுக்கின் யங் குணகம் (இழுவைக்கு எதிரான விறைப்பு) இழைத்திசையில் 40 கிகாபாஸ்கல், குறுக்கே 10 என்று கொள்வோம். 0, 90 அடுக்குகள் சமமாக இருந்தால் தகட்டின் விறைப்பு 25 கிகாபாஸ்கல். 90 டிகிரி அடுக்கு சுத்தமாகச் செத்தாலும் 20 மிச்சம், அதாவது 20 சதவீத இழப்பு. மொத்தத் தடிமனில் முக்கால்வாசி 90 டிகிரி என்றால் 17.5-லிருந்து 10-க்கு விழும். 43 சதவீதம் போயிற்று. கார்பனுக்கு 140, 9 என்று போடுங்கள். சமப் பங்கில் 74.5-லிருந்து 70 வரும். வெறும் 6 சதவீதம், அதுவும் மேல்வரம்பு. கார்பன் தகட்டில் விரிசல்கள் நிரம்பியிருந்தும் வரைபடம் நேர்கோடு போலவே இருப்பதற்கு இதுதான் காரணம். வரைபடம் வளையவில்லை என்பதை வைத்து விரிசல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

"கணக்குப்படி இன்னும் மேலே போயிருக்க வேண்டுமே, இவ்வளவு சீக்கிரம் ஏன் விரிந்தது?" என்று தோன்றினால் இரண்டு இடங்களில் தேடுங்கள்.

ஒன்று, சூட்டில் பதப்படுத்தியபோது உள்ளே தங்கிய எச்சத் தகைவு. கார்பன் இழை சூட்டில் நீளவாக்கில் விரிவதே இல்லை, மிகச் சிறிதளவு சுருங்கவும் செய்யும். அடுக்கின் குறுக்கே விரிவுக் குணகம் டிகிரிக்கு 30 மைக்ரோ திரிபு அளவில் இருக்கும். 180 டிகிரி செல்சியஸில் இறுகிய தகடு 25 டிகிரிக்கு இறங்கும்போது குறுக்கு அடுக்கு சுருங்கப் பார்க்கிறது, 0 டிகிரி அடுக்கு விடமாட்டேன் என்கிறது. 30 மைக்ரோவை 155 டிகிரியால் பெருக்கி 9 கிகாபாஸ்கலால் பெருக்கினால் ஏறக்குறைய 40 மெகாபாஸ்கல் இழுவை. அந்த அடுக்கின் குறுக்கு வலிமையே பல பிசின்களில் 50 முதல் 70 மெகாபாஸ்கல்தான். எந்திரத்தில் மாட்டும் முன்பே பாதிக்கு மேல் செலவாகிவிட்டது! இந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காத எந்த முதல்விரிசல் கணிப்பையும் நான் நம்புவதில்லை.

இரண்டாவது, 90 டிகிரி அடுக்குகளை ஒரே கட்டாக அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். 1970-களின் கடைசியில் காரெட், பெய்லி, பார்விசி ஆகியோர் கண்ணாடி இழைத் தகடுகளில் காட்டியது இது: குறுக்கு அடுக்கு மெலிய மெலிய, அது விரியும் திரிபு ஏறுகிறது. விரிசல் வளர ஆற்றல் வேண்டும். மெல்லிய அடுக்கில் விடுவிக்க ஆற்றல் குறைவு. பக்கத்து 0 டிகிரி அடுக்குகளும் விரிசலின் வாயைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நான்கு 90-களை அடுத்தடுத்து வைப்பதற்குப் பதில் நான்கையும் பிரித்து 0-களுக்கு நடுவே செருகுங்கள். அதே எடை, அதே விறைப்பு, விரிசல் மட்டும் தள்ளிப்போகும். இந்தத் தொல்லைக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. நேர்க்கோணத்தில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இந்த விரிசல்கள் அநேகமாகத் தெரியாது. ஒலிக்கற்றை போகும் திசையிலேயே விரிசலும் நிற்பதால் எதிரொலிக்க முகம் இல்லை. ஓர மெருகேற்றமோ, சாயம் ஊடுருவவிட்ட எக்ஸ்ரேயோ, சிடி ஸ்கேனோ வேண்டும்.

இது தீர்க்க வேண்டிய பிழையா என்பது பொருளின் வேலையைப் பொறுத்தது. வாயுவோ திரவமோ அடைக்கும் கலன் என்றால், விரிசல்கள் அடுக்குக்கு அடுக்கு ஒன்றையொன்று சந்தித்து கசிவுப் பாதை அமைத்துவிடும். அங்கே இது நேரடித் தோல்வி. ஒருமுறை சுமை ஏற்றி இறக்கும் உறுப்பு என்றால் தகடு தாங்கும். மீண்டும் மீண்டும் சுமை வரும் இடமென்றால் அடுத்த அறிகுறிக்கு இதுதான் முன்னோட்டம்.

அறிகுறி: தட்டினால் 'டொக்' என்று மந்தமாக ஒலிக்கிறது, அல்லது ஓரத்தில் அடுக்குகள் வாய் பிளக்கின்றன

குறுக்கு விரிசல் 0 டிகிரி அடுக்கின் வாசலில் நின்றது என்றோமே, நின்ற இடத்தில் தகைவு சும்மா இருக்காது. இழைகளை அறுக்க முடியாத விரிசல், பக்கவாட்டில் திரும்பி அடுக்குகளின் நடுவே ஓடப் பார்க்கும். அதுதான் அடுக்குப் பிரிவு, பட்டறை மொழியில் டீலாமினேஷன்.

முதலில் பிரிவு எங்கிருந்து தொடங்கியது என்று பாருங்கள். குறுக்கு விரிசல்களின் முனைகளிலிருந்தா, துளையிலிருந்தா, நேர் ஓரத்திலிருந்தா? ஓரம் என்றால் எந்த விரிசலும் இல்லாமலேயே இது தொடங்கியிருக்கலாம். ஒவ்வொரு அடுக்கும் இழுக்கும்போது வெவ்வேறு அளவில் ஒடுங்கப் பார்க்கிறது. தகட்டின் உள்ளே அவை ஒன்றையொன்று கட்டுப்படுத்திக்கொள்கின்றன. ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அடுக்குகளுக்கு இடையே உரிக்கும் தகைவும் ஷியர் தகைவும் எழுகின்றன. 1970-இல் பைப்ஸும் பகானோவும் கணக்கிட்டுக் காட்டியது இதைத்தான். இந்தத் தகைவு ஓரத்திலிருந்து தகட்டின் தடிமன் அளவு உள்ளே போவதற்குள் அடங்கிவிடும். சாதாரண அடுக்குத்தகட்டுக் கோட்பாட்டில் இது தெரியவே தெரியாது.

ஓரப் பிரிவுக்கு ஓப்ரையன் 1982-இல் தந்த சூத்திரம் எளிமையானது. திரிபின் இருபடியை மொத்தத் தடிமனாலும், பிரிவதற்கு முன்னும் பின்னும் உள்ள விறைப்பு வேறுபாட்டாலும் பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஆற்றல் விடுவிப்பு வீதம், அதாவது பிரிவு ஒரு சதுர மீட்டர் வளர்ந்தால் வெளியாகும் ஆற்றல், கிடைக்கும். 2 மில்லிமீட்டர் தடிமன், 10 கிகாபாஸ்கல் வேறுபாடு, 0.5 சதவீதத் திரிபு என்று போடுங்கள். சதுர மீட்டருக்கு 250 ஜூல் வருகிறது. பல கார்பன்-எபாக்ஸித் தகடுகள் வாய்பிளக்கும் வகையில் தாங்கும் எல்லை 100 முதல் 300 ஜூல்தான். சூத்திரத்தில் பிரிவின் நீளமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தொடங்கிவிட்டால், அதே சுமையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எனவே இங்கே நீளத்தை அளந்து கண்காணிப்பதில் பெரிய பயனில்லை, தொடங்கவிடாமல் தடுப்பதுதான் வழி. அடுக்கு வரிசையை மாற்றி ஓரத்தில் உரிக்கும் தகைவை அமுக்கமாக்குங்கள். ஒரே கோண அடுக்குகள் கட்டாகச் சேர்வதைத் தவிருங்கள்.

அறிகுறி: துளை போட்ட தகடு கணக்கிட்டதைவிட அதிகம் தாங்குகிறது, வேறொரு துளைக்குக் குறைவாகத் தாங்குகிறது

எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள அகலமான தகட்டில் வட்டத் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும். ஒரே திசை இழைத் தகட்டில் அந்த மூன்று செல்லாது. திசைக்குத் திசை குணம் மாறும் தகட்டுக்கான லெக்னிட்ஸ்கியின் சூத்திரத்தில் 140, 10 கிகாபாஸ்கல் குணகங்களும், 5 கிகாபாஸ்கல் ஷியர் குணகமும், 0.3 பாய்சான் விகிதமும் (இழுக்கும்போது பக்கவாட்டில் ஒடுங்கும் பங்கு) போட்டால் ஏறக்குறைய 6.9 வருகிறது. அப்படியானால் துளை போட்ட ஒருதிசைத் தகடு வலிமையில் ஏழில் ஒரு பங்குக்குத்தானே உடைய வேண்டும்?

உடைவதில்லை. துளையின் இரு பக்கங்களிலும் இழைத்திசையிலேயே நீளமான பிளவு ஓடுகிறது. அறுந்த இழைகள் துளைக்கு மேலும் கீழும் சுமையின்றி நிற்கின்றன. அறுபடாத இழைகள் பக்கத்தில் சுதந்திரமாக இழுபடுகின்றன. இரண்டுக்கும் இடையே ஷியர் மூலம் பளு பாயும் வழியே அடைபட்டுவிட்டதால், விளிம்பில் குவிந்த தகைவு கரைந்துபோகிறது. ஒரு விரிசல் இன்னொரு முறிவைத் தடுக்கும் அழகான இடம் இது. அந்தப் பிளவைப் பார்த்துப் பயந்து, பிசினைக் கடினமாக்கி அதைத் தடுக்க முயன்றவர்கள், இழுவையில் வலிமை குறைந்ததைக் கண்டு திகைத்திருக்கிறார்கள்.

எல்லாக் கோணங்களிலும் அடுக்கிய தகட்டில் கோட்பாட்டுப் பெருக்கம் மீண்டும் 3. ஆனால் சிறு துளைக்கும் பெரிய துளைக்கும் வலிமை வேறு. 1974-இல் விட்னியும் நியூயிஸ்மரும் சொன்ன வழி: விளிம்பில் உள்ள தகைவைப் பார்க்காதே, விளிம்பிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ள தகைவைப் பார். அந்தத் தூரத்தை 1 மில்லிமீட்டர் என்று கொண்டால், 2 மில்லிமீட்டர் விட்டத் துளையுள்ள அகலத் தகடு துளையில்லாத வலிமையில் 82 சதவீதம் தாங்கும். 6 மில்லிமீட்டருக்கு 57. 20 மில்லிமீட்டருக்கு 41. துளை பெரிதாகப் பெரிதாக மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். சிறு துளையில் தகைவு உச்சத்துக்குப் போனாலும், அந்த உச்சம் மிகக் குறுகிய இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு விட்டத்தில் சோதித்த எண்ணை இன்னொரு விட்டத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். குறைந்தது இரண்டு விட்டங்களில் சோதித்து அந்தத் தூரத்தை உங்கள் தகட்டுக்கே கண்டுபிடியுங்கள்.

அறிகுறி: முறிவு முகம் கண்ணாடி உடைந்தது போலத் தட்டையாக இருக்கிறது. அல்லது துடைப்பம் போல நாராக விரிந்திருக்கிறது

இரண்டும் இழைக்கும் பிசினுக்கும் உள்ள ஒட்டைப் பற்றிப் பேசுகின்றன.

ஓர் இழை அறுந்தால் அதன் பளு பக்கத்து இழைகளுக்குப் போகும். ஒரே தளத்தில் வரிசையாக உள்ள இழைகளுக்கு ஹெட்ஜ்பெத் 1961-இல் கணக்கிட்டார். ஒன்று அறுந்தால் அண்டை இழையில் தகைவு 1.33 மடங்கு, அடுத்தடுத்து இரண்டு அறுந்தால் 1.6, மூன்று என்றால் 1.83. ஒட்டு மிக உறுதியாக இருந்தால் இந்தப் பெருக்கம் அப்படியே அண்டை இழையின் அதே உயரத்தில் இறங்கும், அது அறும், அடுத்தது அறும். சங்கிலியாக ஓடித் தட்டையான முகத்தைத் தரும். ஒட்டு கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பளு நீளவாக்கில் பரவும். விரிசல் முனையின் முன்னே விரிசலுக்கு இணையான திசையிலும் ஓர் இழுவை எழுகிறது. அதன் உச்சம், முனையிலுள்ள முதன்மைத் தகைவில் ஐந்தில் ஒரு பங்கு என்று குக்கும் கார்டனும் 1964-இல் காட்டினார்கள். ஒட்டின் வலிமை அதற்கும் குறைவாக இருந்தால், விரிசல் வந்து சேரும் முன்பே ஒட்டு திறந்து, கூரான முனையை மழுக்கிவிடும்.

அதற்காக ஒட்டை அளவுக்கு மீறித் தளர்த்தினால் மறுமுனைப் பிழை வரும். இழைக்குப் பளு ஏற்றுவதே ஒட்டின் ஷியர்தான். இழையின் வலிமையை விட்டத்தால் பெருக்கி, ஒட்டின் ஷியர் வலிமையின் இருமடங்கால் வகுத்தால் கெல்லி-டைசன் சொன்ன மாறுநிலை நீளம், அதாவது இழையில் முழுப் பளுவும் ஏறக் குறைந்தபட்சம் வேண்டிய நீளம், கிடைக்கும். 2000 மெகாபாஸ்கல் வலிமை, 10 மைக்ரான் விட்டம், 20 மெகாபாஸ்கல் ஷியர் என்றால் அரை மில்லிமீட்டர். ஒட்டு பாதியானால் நீளம் இரட்டிக்கும். குறுநார் கலந்த பொருளில் நார்கள் அந்த நீளத்தை எட்டவில்லை என்றால், எவ்வளவு உயர்ந்த இழை போட்டும் அதன் வலிமையை நீங்கள் பயன்படுத்தவே இல்லை.

செய்ய வேண்டியது: எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைப் பாருங்கள். மேற்பரப்பு துடைத்துவைத்தது போல வழவழப்பாக இருந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. இழைப் பூச்சு உங்கள் பிசினுக்குப் பொருத்தமானதா, நார் ஈரம் குடித்திருந்ததா என்று விசாரியுங்கள். பிசின் துணுக்குகள் ஒட்டியிருந்தால் ஒட்டு நன்றாக இருந்தது, பிசின்தான் கிழிந்தது.

அறிகுறி: இழுவையில் நன்றாக இருந்த தகடு அமுக்கத்தில் சீக்கிரம் போகிறது

இழுவையில் நமக்கு உதவிய பிளவுகள் இங்கே எதிரிகள். அமுக்கத்தில் இழையை நேராக நிறுத்தி வைப்பது அதைச் சுற்றியுள்ள பிசின்தான். அந்தப் பக்கபலம் விரிசலால் போனால் இழை மடியும்.

முறிந்த இடத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். இழைகள் ஒரு சாய்ந்த பட்டையாக, பெரும்பாலும் 20 முதல் 30 டிகிரி சாய்வில், இரண்டு இடங்களில் மடங்கி முறிந்திருந்தால் அது மடிப்புப் பட்டை. காரணம் பெரும்பாலும் இழையின் நெளிவு. 1972-இல் ஆர்கன் தந்த எளிய கணக்கில், பிசினின் ஷியர் எல்லையை நெளிவுக் கோணத்தால் வகுத்தால் அமுக்க வலிமை வரும். 60 மெகாபாஸ்கல் எல்லைக்கு 1.5 டிகிரி நெளிவில் ஏறக்குறைய 2290 மெகாபாஸ்கல், 3 டிகிரியில் பாதி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றரை டிகிரிக்கு அவ்வளவு விலை.

மடிப்புப் பட்டை இல்லாமல் ஒரு மெல்லிய அடுக்குத்தொகுதி வெளியே பிதுங்கி நின்றால், ஏற்கெனவே உள்ளே பிரிவு இருந்திருக்கிறது. கருவி கைதவறி விழுந்தது போன்ற சிறு மோதல் போதும். மேலே ஒரு சின்னக் குழி, உள்ளே அடுக்குக்கு அடுக்கு நிலக்கடலை வடிவப் பிரிவுகள். பிரிந்த தொகுதி பிதுங்கும் தகைவு, தடிமனை நீளத்தால் வகுத்ததன் இருபடியைச் சார்ந்தது. பிரிவின் நீளம் இரட்டித்தால் தாங்கும் தகைவு கால்வாசி. இந்தப் பிரிவுகளை அல்ட்ராசவுண்ட் நன்றாகவே காட்டும், முகம் கற்றைக்குச் செங்குத்தாக இருப்பதால்.

அறிகுறி: கணினி மாதிரியில் மெஷ்ஷை (தகட்டை எலிமென்ட் என்னும் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையை) நுணுக்கும்போதெல்லாம் விரிசல் முனையில் தகைவு ஏறிக்கொண்டே போகிறது

மென்பொருளில் குறையில்லை. நேரியல் மீட்சிக் கோட்பாட்டில் கூரிய முனையில் தகைவு முடிவிலி. எலிமென்டைச் சிறிதாக்கினால் அந்த முடிவிலியை இன்னும் கிட்டே போய்ப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த எண்ணை வலிமையோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். ஆற்றல் விடுவிப்பு வீதத்தைக் கேளுங்கள். அதைக் கணக்கிட ரிபிக்கி, கன்னினென் 1977-இல் தந்த மெய்நிகர் விரிசல் மூடல் முறை பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது.

அதிலும் ஒரு பள்ளம் உண்டு. வெவ்வேறு கோண அடுக்குகளுக்கு நடுவே விரிசல் ஓடினால், மொத்த ஆற்றல் ஒரு மதிப்பில் நிலைக்கும், ஆனால் வாய்பிளப்புப் பங்கும் ஷியர் பங்கும் எலிமென்ட் அளவோடு நகர்ந்துகொண்டே இருக்கும். இரு வேறு பொருள்களின் எல்லையில் தகைவு அலைவுறும் என்று வில்லியம்ஸ் 1959-இலேயே காட்டியிருக்கிறார். இங்கே நுணுக்கிக்கொண்டே போவது உதவாது. நான் அடுக்குத் தடிமனில் கால் முதல் பாதி வரை ஓர் அளவைத் தேர்ந்து, எல்லா ஒப்பீட்டிலும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

அடுக்குகளுக்கு நடுவே ஒட்டு படிப்படியாக விடுவதைக் காட்டும் ஒட்டுமண்டல எலிமென்ட் போடுகிறீர்கள், வரைபடம் ரம்பப்பல் போல ஏறி இறங்குகிறது என்றால், எலிமென்ட் பெரிதாகிவிட்டது. குணகத்தை முறிவு ஆற்றலால் பெருக்கி வலிமையின் இருபடியால் வகுத்தால், விரிசல் முனையில் ஒட்டு விட்டுக்கொண்டிருக்கும் மண்டலத்தின் நீளம் தோராயமாகக் கிடைக்கும். 10 கிகாபாஸ்கல், 250 ஜூல், 50 மெகாபாஸ்கல் என்றால் 1 மில்லிமீட்டர். அதற்குள் மூன்று எலிமென்டாவது வேண்டும், ஆகவே ஒன்று 0.3 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிதாக்க முடியாத பெரிய மாதிரியில் ஆற்றலைத் தொடாமல் வலிமையைப் பாதியாக்கினால் மண்டலம் நான்கு மடங்கு நீளும். ஏற்கெனவே உள்ள விரிசல் வளர்வதற்கு இது சரியாக வரும். விரிசலே இல்லாத இடத்தில் புதிதாகத் தொடங்குவதைக் கணிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொரு பிழையை ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளில் பார்த்திருக்கிறேன். பிசின் விரிந்தது என்று சைகை வந்தவுடன் அந்த அடுக்கின் எல்லாக் குணகங்களையும் சுழியாக்கிவிடுகிறார்கள். இழைகள் இன்னும் அறுபடவில்லையே! இழைத்திசைக் குணகத்தைத் தொடாமல், குறுக்குக் குணகத்தையும் ஷியரையும் மட்டும் குறையுங்கள். அவற்றையும் முழுச் சுழியாக்க வேண்டாம், விரிசல்களுக்கு நடுவே தகைவு மீள்வதைத்தான் மேலே பார்த்தோமே.

அறிகுறி: பிரிவுச் சோதனையில் விரிசல் வளர வளரத் தாங்கும் ஆற்றலும் கூடுகிறது

ஏ.எஸ்.டி.எம் டி 5528 என்ற தரச் சோதனை முறையில், ஒரு முனையில் பிளந்த துண்டை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கிறீர்கள். முதல் எண் சதுர மீட்டருக்கு 200 ஜூல், பிறகு 260, பிறகு 350 என்று ஏறினால் மகிழ வேண்டாம். துண்டின் பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, விரிசல் முனைக்குப் பின்னால் பாருங்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இழைகள் பாலம் போட்டு நிற்கும். ஒவ்வொன்றும் விரிசலை மூடும் பக்கம் இழுக்கிறது. முனைக்கு வர வேண்டிய தகைவில் ஒரு பங்கை அவை வாங்கிக்கொள்வதால்தான் எண் ஏறுகிறது.

இரண்டு அடுக்கிலும் இழைகள் ஒரே திசையில் ஓடும் துண்டில், அவை ஒன்றுக்குள் ஒன்று பதிந்து இந்தப் பாலத்தைத் தாராளமாகக் கொடுக்கின்றன. உண்மையான உறுப்பில் பிரிவு பெரும்பாலும் வெவ்வேறு கோண அடுக்குகளுக்கு நடுவே ஓடும், அங்கே இதே பாலம் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. தொடக்க விரிசலுக்குச் செருகிய படலம் 13 மைக்ரானுக்கு மேல் தடிக்காமல் இருந்ததா, அதன் முன்னே பிசின் குட்டையாகத் தேங்கி முதல் எண்ணை உயர்த்தவில்லையா என்று உறுதிசெய்துகொண்டு, விரிசல் நகரத் தொடங்கிய அந்த முதல் மதிப்பையே வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.